இன்னொரு நாய் வளர்க்கலாமா?

சிங்கப்பூரின் தோ பாயோ அடுக்குமாடிகளில் நாய் வளர்ப்பவர்களை அக்கம்பக்கத்தார் நாயின் பெயரை வைத்தே அடையாளம் சொல்வது வழக்கம். வீட்டுக்காரரின் பெயர் தெரியாது, வீட்டு எண்ணும் தெரியாது. ஆனால் காலையில் ஒரு சுற்று, வெயில் தாழ்ந்ததும் ஒரு சுற்று எனப் பன்னிரண்டு வருடம் நடந்த நாயைப் புளோக் முழுக்கத் தெரியும். அது இறந்துபோன வாரத்தில் மின்தூக்கியில் ஒருவர், காப்பிக்கடையில் ஒருவர், கீழ்த்தளத்தில் சதுரங்கம் ஆடும் அங்கிள்களில் ஒருவர் என்று மாறி மாறிக் கேட்பார்கள்: "எங்கே, ரெண்டு நாளாக் காணோம்?" பதில் சொன்னதும் முகம் வாடும். அடுத்த வாக்கியம் அநேகமாக இதுவாக இருக்கும்: "மனசைத் தேத்திக்குங்க. வேற ஒண்ணு வாங்கிடுங்க."

நல்லெண்ணத்தில் சொல்வதுதான். ஆனாலும் அந்த வாக்கியத்தில் இரண்டு தனித்தனி விஷயங்கள் ஒன்றாகப் பின்னிக் கிடக்கின்றன. ஒன்று துக்கம், மற்றது இன்னொரு நாயைப் பற்றிய முடிவு. துக்கத்துக்கு மருந்தாக அடுத்த நாயைப் பார்ப்பவர்கள் உண்டு. அடுத்த நாயைக் கொண்டுவருவதே இறந்ததற்குச் செய்யும் துரோகம் என்று நினைப்பவர்களும் உண்டு. இருவருமே முடிவைத் துக்கத்தின் கையில் கொடுத்துவிடுகிறார்கள். சிங்கப்பூரில், அதுவும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) வீட்டில், அந்த முடிவை உண்மையில் தீர்மானிப்பவை வேறு: வீட்டாரின் வயது, கழகத்தின் விதி, அண்டை வீட்டார், கையிருப்பு, வீட்டில் பகலில் யார் இருக்கிறார்கள் என்பது. துக்கம் ஆறிவிட்டதா என்று மனதைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பதைவிட, இன்னொரு உயிருக்கு இந்த வீட்டில் இடமிருக்கிறதா என்று பார்ப்பது நேர்மையான கேள்வி.

முதலில் துக்கம். அமெரிக்கச் சமூகவியலாளர் கென்னத் டோகா 1989இல் ஒரு நூல் வெளியிட்டார். சமூகம் துக்கமென்று ஒப்புக்கொள்ளாத துக்கங்கள் அதன் பொருள். வெளியே சொல்ல முடியாத உறவின் மரணம், கருச்சிதைவு, விலங்கின் சாவு எல்லாம் அந்த வகையில் சேரும். இழப்பு பெரியதாக இருக்கும், ஆனால் அழுவதற்கு உரிமை இருக்காது. 2003இல் ரோபல், டை என்ற இரு ஆய்வாளர்கள் வளர்ப்பு விலங்கை இழந்த 174 பேரிடம் விசாரித்தபோது, 85.7 விழுக்காட்டினர் தொடக்கத்தில் துக்கத்தின் அறிகுறி ஒன்றையாவது சொன்னார்கள். ஆறு மாதத்தில் அது 35.1 விழுக்காடு. ஓராண்டு கழித்தும் 22.4 விழுக்காடு. ஐந்தில் ஒருவருக்கு மேல் அடுத்த வருடமும் வருந்திக்கொண்டிருந்தார்கள் என்றால் "நாய்தானே" என்ற சொல்லுக்கு இடமில்லை.

தமிழ் வீடுகளில் இது இன்னும் கூர்மையாகத் தெரிகிறது. மனிதர் இறந்தால் என்ன செய்வது என்பது நமக்கு மனப்பாடம். பாடை, தீட்டு, பால் தெளித்தல், பதினாறாம் நாள், முதல் திதி என்று நாள்காட்டியே துக்கத்தைக் கைபிடித்து நடத்திப் போகும். சொந்தக்காரர்கள் வந்து உட்கார்ந்துவிட்டுப் போவார்கள். நாய் இறந்தால் ஒன்றுமில்லை. மறுநாள் காலை எட்டரைக்குப் பெருவிரைவு ரயிலில் நின்றாக வேண்டும். சிங்கப்பூரின் வேலைச் சட்டம் நெருங்கிய உறவினரின் மரணத்துக்கே கட்டாய விடுப்பு வைக்கவில்லை, அது முதலாளியின் ஒப்பந்தத்தைப் பொறுத்தது. நாய்க்காக விடுப்புக் கேட்க எத்தனை பேருக்கு வாய் வரும்?

நமக்கு இந்த மரபே கிடையாது என்று சொல்லிவிடவும் முடியாது. திருவண்ணாமலை மாவட்டத்தில் எடத்தனூர் என்ற ஊரில் ஒரு நடுகல் உண்டு. முதலாம் மகேந்திரவர்மப் பல்லவன் காலம், ஏழாம் நூற்றாண்டு. எருமைகளைக் காக்கப் போராடி மடிந்த கருந்தேவகத்தி என்ற வீரனுக்கு எடுத்த கல் அது. அதில் வீரனோடு ஒரு நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. பெயர் கோவிவன். கள்ளர் இருவரைக் கடித்து, அந்த இடத்திலேயே அது காவல் நின்ற செய்தியைக் கல்வெட்டு தனியாகச் சொல்கிறது. ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன் யாரோ ஒரு கல்தச்சரிடம் நாயின் பெயரையும் எழுதச் சொல்லியிருக்கிறார்கள்.

கர்நாடகத்தில், மாண்டியா மாவட்டத்து ஆதகூரில், பத்தாம் நூற்றாண்டின் நடுவில் எழுப்பிய கல் இன்னும் ஒரு படி மேல். காட்டுப்பன்றியோடு பொருது, அதைக் கொன்று, தானும் செத்த காளி என்ற வேட்டை நாய்க்கு அது. மணலேரன் என்ற வீரன் போரில் காட்டிய தீரத்துக்குப் பரிசாக அரசனிடம் கேட்டு வாங்கிய நாய். அதன் கல்லுக்கு வழிபாடு நடக்க நிலமும் விட்டிருக்கிறான். சிவன் கோயில்களில் வைரவருக்கு நாய் வாகனம், தருமன் கடைசி மலையேற்றத்தில் நாயை விட்டுவிட்டுச் சொர்க்கம் புக மறுத்தான். இவையெல்லாம் தெரிந்த சமூகம், அடுக்குமாடிக்குக் குடிவந்த பிறகு நாயின் சாவுக்கு ஒரு சடங்கும் வைத்துக்கொள்ளவில்லை என்பது வருத்தமான விஷயம்.

துக்கத்தில் ஒரு பகுதி குற்ற உணர்வு. இதை அழுத்திச் சொல்லவேண்டும், ஏனென்றால் மனிதர் மரணத்தில் இல்லாத ஒரு பாரம் இங்கே இருக்கிறது. வயதான நாய்கள் பலவற்றுக்கு முடிவு மருத்துவரின் மேசையில் வருகிறது. நாளையும் நேரத்தையும் குறிப்பது வீட்டார். முன்னங்காலில் கொஞ்சம் முடியை மழித்து ஊசிக்குழாய் பொருத்துவார்கள். முதலில் மயக்கமருந்து, பிறகு அளவுக்கு மீறிய பெண்டோபார்பிட்டால். சில நிமிடங்களில் இதயம் நின்றுவிடும். கண் மூடாது என்று முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்ல மருத்துவரின் வழக்கம். நின்ற பிறகும் மூச்சு விடுவதுபோல ஓர் அசைவு வரலாம், அது வலியல்ல என்றும் சொல்வார்கள். சொல்லாமல் விட்டால் அந்தக் காட்சி வருடக்கணக்கில் கூடவே வரும். "நாமே கொன்னுட்டோமா?" என்ற கேள்வி உயிரைக் கொல்லாமையைச் சொல்லிச் சொல்லி வளர்த்த வீட்டில் எளிதில் அடங்காது.

ஆலிஸ் வில்லலோபோஸ் என்ற அமெரிக்கக் கால்நடைப் புற்றுநோய் மருத்துவர் 2004இல் இதற்கொரு அளவுகோல் வகுத்தார். வலி, பசி, நீர்ச்சத்து, சுத்தம், மகிழ்ச்சி, நடமாட்டம், கெட்ட நாளைவிட நல்ல நாள் அதிகமா என ஏழு தலைப்பு. ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு எத்தனை என்று வீட்டாரே போடவேண்டும். மொத்தம் 35ஐத் தாண்டினால் நாய் இன்னும் வாழத்தக்க நிலையில் இருக்கிறது என்று பொருள். எண் போட்டு உயிரை அளப்பது கரடுமுரடாகத் தோன்றலாம். ஆனால் ஒரு தாளில் எழுதிப் பார்த்த குடும்பத்துக்குப் பின்னாளில் கையில் ஒரு பதில் இருக்கும்: அவசரப்படவில்லை, தாமதிக்கவும் இல்லை.

பிறகு உடல். ஊரில் என்றால் கொல்லையில் வேப்பமரத்தடி. பதினாலாவது மாடியில் கொல்லை ஏது? இந்தத் தீவில் மனிதர்களுக்கே சுவா சூ காங்கில் மட்டும்தான் புதைக்க இடம், அதுவும் 15 ஆண்டுகளுக்கு. ஆகவே தனியார் தகன நிலையங்கள். தனியாகத் தகனம் செய்தால் சாம்பல் கிடைக்கும், பல விலங்குகளைச் சேர்த்துச் செய்தால் கிடைக்காது. கட்டணம் எடையைப் பொறுத்தது. இந்த வேறுபாட்டை நாய் உயிரோடு இருக்கும்போதே கேட்டு வைத்துக்கொள்வது நல்லது, அன்றைக்குக் கேட்க மனம் இருக்காது. அதற்குப் பிறகு கசப்பான ஒரு சின்ன வேலை பாக்கி: தேசியப் பூங்காக் கழகத்தின் இணையத்தளத்தில் நாயின் உரிமத்தை ரத்து செய்யவேண்டும். பன்னிரண்டு வருடம் ஆண்டுதோறும் புதுப்பித்த பதிவில் "இறந்துவிட்டது" என்பதைத் தெரிவு செய்து அழுத்தவேண்டும். நாட்டின் ஏட்டில் அந்த நாய்க்குக் கிடைக்கும் மரணச் சான்றிதழ் அவ்வளவுதான்.

இனி முடிவு. வீவக வீட்டில் ஒரு நாய்தான் வைத்துக்கொள்ளலாம், அதுவும் அனுமதிக்கப்பட்ட இனமாக இருக்கவேண்டும். மீறினால் 4,000 வெள்ளி வரை அபராதம். "ஒன்றுதான்" என்ற விதிக்கு யாரும் அதிகம் பேசாத ஒரு விளைவு உண்டு. தனி வீட்டில் இருப்பவர்கள் கிழட்டு நாய் இருக்கும்போதே ஒரு குட்டியைக் கொண்டுவந்து விடுவார்கள். பெரியது போகும்போது சின்னது வளர்ந்திருக்கும், வீடு ஒருநாளும் வெறுமையாக இருக்காது. அடுக்குமாடியில் அதற்கு வழியில்லை. 2022இல் வெளிவந்த இத்தாலிய ஆய்வு ஒன்று, குறைந்தது இரண்டு நாய்களில் ஒன்றை இழந்த 426 வீடுகளைப் பார்த்து, 86 விழுக்காட்டு வீடுகளில் மிஞ்சிய நாயின் நடத்தை மாறியதாகக் கண்டது. விளையாட்டுக் குறைந்தது, சாப்பாடு குறைந்தது, ஆளை ஒட்டிக்கொண்டது. தோ பாயோவில் மிஞ்ச இன்னொரு நாய் இல்லை. வீட்டுக்காரர் மட்டும்தான். சின்ன வீட்டில் அந்த மௌனம் ஒரே நாளில் முழுதாக வந்து இறங்கும், அதனால்தான் பலருக்கு "உடனே இன்னொன்று" என்ற எண்ணம் அவ்வளவு வேகமாக வருகிறது.

உடனே கொண்டுவருவது தவறா? சிக்மண்ட் ஃபிராய்டு 1937 ஜனவரியில் ஜோஃபி என்ற தன் சௌ சௌ நாயை அறுவைச் சிகிச்சைக்குப் பின் இழந்தார். அப்போது அவருக்கு 80 வயது, தாடையில் புற்றுநோய். முன்பு ஜோஃபியோடு ஒத்துப்போகவில்லை என்பதற்காகத் தெரிந்தவரிடம் கொடுத்துவைத்திருந்த லூன் என்ற நாயை அவர் சீக்கிரமே திருப்பி வாங்கிக்கொண்டார். துக்கத்தைப் பற்றி உலகத்துக்கே எழுதியவர் காத்திருக்கவில்லை. அவர் செய்ததில் கவனிக்க வேண்டியது வேகம் அல்ல. லூன் அவருக்கு முன்பே தெரிந்த நாய், அதனிடம் ஜோஃபியை எதிர்பார்க்க வாய்ப்பில்லை.

எதிர்ப்பக்க உதாரணம் பாடகி பார்பரா ஸ்ட்ரைசாண்ட். 2017இல் இறந்த தன் நாய் சமந்தாவின் உயிரணுவிலிருந்து நகலாக்கிப் பிறந்த இரண்டு நாய்க்குட்டிகள் தன்னிடம் இருப்பதை அவர் 2018இல் வெளியிட்டார். நாய் நகலாக்கம் 2005இல் சோலில் ஸ்னப்பி என்ற நாயோடு தொடங்கியது, இன்று பணமிருந்தால் கிடைக்கும் சேவை. தோற்றம் வரும். குணம் அப்படியே வராது என்று அவரே பேசியிருக்கிறார். நகலாக்கம் நமக்கு எட்டாத தூரம். ஆனால் அதே இனம், அதே நிறம், சிலசமயம் அதே பெயர் என்று செல்லப்பிராணிக் கடையில் தேடுவதும் அந்த ஆசையின் சிறிய வடிவம்தான். அப்படி வந்த குட்டி ஒவ்வொரு நாளும் பழைய நாயோடு ஒப்பிடப்பட்டே வளரும். அந்தக் குட்டி செய்த பாவம் என்ன? பழைய நாயின் நகல் வேண்டும் என்று தோன்றிக்கொண்டிருக்கும் வரை பொறுத்திருப்பதே நல்லது. வேறொரு நாய், வேறொரு குணம், அதுவும் சரி என்று தோன்றும் நாளில் போகலாம், அது மூன்று வாரமானாலும் மூன்று வருடமானாலும்.

எல்லாவற்றையும்விடக் கடினமான கணக்கு வயது. பிரிட்டனில் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட நாய்களின் மரணப் பதிவுகளைக் கொண்டு 2022இல் கணித்த சராசரி ஆயுள் 11.23 ஆண்டு. சிற்றினங்கள் அதைத் தாண்டும். தோ பாயோ 1960களில் எழுந்த நகரம், முதியவர்கள் நிறைந்த பேட்டை. எழுபது வயதில் ஒரு பூடில் குட்டியை வாங்குகிறவர் எண்பதைத் தாண்டியும் அதைக் காலையும் மாலையும் கீழே இறக்கவேண்டும்.

இந்தக் கணக்கை உலகறியப் போட்டவர் ஒருவர் தோ பாயோவுக்கே வந்திருக்கிறார். 1972இல் புதுநகரைக் காட்ட 53ஆம் புளோக்கின் உச்சிக்கு அழைத்துச் சென்ற விருந்தினர்களில் இரண்டாம் எலிசபெத் அரசியும் ஒருவர். 2006இல் மறுபடியும் தோ பாயோ வந்தார். 1944இல் பிறந்தநாள் பரிசாகக் கிடைத்த சூசன் என்ற கோர்கியிலிருந்து பதினான்கு தலைமுறை அந்த வம்சத்தை வளர்த்தவர் அவர். முதுமையில், தனக்குப் பின்னால் எந்த நாயையும் தவிக்கவிட விரும்பவில்லை என்று புதிய குட்டிகளை நிறுத்திக்கொண்டார். அந்த வரிசையின் கடைசி, வில்லோ, 2018இல் இறந்தது. பொறுப்பான முடிவு என்று எல்லாரும் சொன்னார்கள்.

மூன்றாண்டு கழித்து, கணவர் மருத்துவமனையில் இருந்த 2021இல், மகன் இரண்டு குட்டிகளைக் கொண்டுவந்து கொடுத்தார். அரசி மறுக்கவில்லை. மியூக், ஃபெர்கஸ் என்ற அந்த இரண்டில் ஃபெர்கஸ் சில மாதத்திலேயே இறந்தது. அதன் இடத்துக்குச் சாண்டி வந்தது. அரசிக்கு அப்போது 95 வயது. 2022 செப்டம்பரில் அவர் மறைந்ததும் மியூக், சாண்டி இரண்டும் கொடுத்த மகனின் வீட்டுக்கே போயின. முதல் முடிவில் ஒழுங்கு இருந்தது, இரண்டாவதில் மனிதத்தனம் இருந்தது. இரண்டாவதைச் சாத்தியமாக்கியது அரண்மனைச் செல்வம் மட்டும் அல்ல. நாய்களை அடுத்து எடுத்துக்கொள்ள வீட்டுக்குள்ளேயே ஆள் இருந்தது. அந்த ஏற்பாட்டைத் தோ பாயோவின் மூன்றறை வீட்டிலும் செய்துகொள்ளலாம். மகளோ மருமகனோ "நான் எடுத்துக்கறேன்" என்று சொல்லவேண்டும், அவர்கள் வீட்டில் ஏற்கெனவே ஒரு நாய் இருக்கக்கூடாது, வீவகவில் ஒன்றுக்கு மேல் இடமில்லை என்பதையும் யோசித்துச் சொல்லவேண்டும். தத்துக் கொடுக்கும் அமைப்புகள் முதியவர்களிடம் இதைக் கேட்பதுண்டு. அதை அவமதிப்பாக எடுத்துக்கொள்ளத் தேவையில்லை.

எந்த நாய் என்ற கேள்விக்கு, வீவக அனுமதிக்கும் இனங்களின் பட்டியலில் 62 சிற்றினங்கள் இருக்கின்றன: ஷிட்ஸூ, மால்டீஸ், பொமரேனியன், ஜாக் ரஸ்ஸல் என்று. ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அதில் மனம் ஒட்டாது. அவர்களுக்கு இன்னொரு கதவு உண்டு. 2010களின் தொடக்கத்தில் வந்த 'அடோர்' திட்டத்தின்படி, மீட்கப்பட்ட உள்ளூர்க் கலப்பின நாய்களை வீவக வீட்டில் தத்தெடுக்கலாம். 'சிங்கப்பூர் ஸ்பெஷல்' என்று செல்லமாகச் சொல்வார்களே, நம்மூர் நாட்டு நாயின் சித்தப்பா பிள்ளை போலவே இருக்கும், அந்த நாய். விலங்கு வதைத் தடுப்புச் சங்கம், எஸ்ஓஎஸ்டி, ஏஎஸ்டி போன்ற அமைப்புகள் வழியாக நடக்கிறது. கருத்தடை கட்டாயம், பழக்குப் பயிற்சி கட்டாயம், தொடக்கத்தில் உயர வரம்பும் இருந்தது. அந்த வரம்பு பின்னாளில் தளர்ந்தது. 2020இல் ஓய்வுபெற்ற மோப்ப நாய்களுக்கும் இந்தக் கதவு திறந்தது.

இவற்றில் பல நாய்கள் தொழிற்பேட்டைகளிலும் கட்டுமானத் தளங்களிலும் பிறந்தவை. மின்தூக்கியைப் பார்த்ததில்லை. கதவு மூடி, தரை அசைந்ததும் நான்கு காலையும் பரப்பி ஒட்டிக்கொள்ளும். வாரக்கணக்கில் படியில் நடக்கவைத்து, மின்தூக்கி வாசலில் சும்மா நிறுத்தி, பிறகு ஒரே ஒரு மாடி, பிறகு இரண்டு என்று பழக்கவேண்டியிருக்கும். இதில் ஒரு நன்மை ஒளிந்திருக்கிறது. இந்த நாய் பழைய நாயின் இடத்தில் உட்காரவே முடியாது, அதன் தேவைகள் அவ்வளவு வேறு.

அண்டை வீட்டாரை மறந்துவிட்டு முடிவெடுப்பவர்களும் உண்டு. வீவக புளோக்கில் எல்லா இனத்தவரும் கலந்தே வாழ்கிறார்கள். பழைய நாய் பன்னிரண்டு வருடத்தில் சம்பாதித்த நல்ல பெயர் புதியதற்குத் தானாக வராது. மலாய் அண்டை வீட்டாருக்கு நாயின் எச்சில் பட்டால் சமய முறைப்படி கழுவித் தூய்மை செய்யவேண்டிய கடமை இருக்கிறது. பக்கத்து வீட்டு மலாய் அம்மா, மக்சிக், வருகிறார் என்றால் மின்தூக்கியை விட்டுக்கொடுத்து அடுத்ததில் போவது, தாழ்வாரத்தில் வாரைக் குட்டையாகப் பிடிப்பது எல்லாம் முதல் நாளிலிருந்தே தொடங்கவேண்டியவை. புது நாய் வரப்போகிறது என்று முன்கூட்டியே பக்கத்து வீட்டில் ஒரு வார்த்தை சொன்னால் பாதிப் புகார் எழாது.

பிள்ளைகள் இருக்கும் வீட்டில் அவர்களையும் கேட்கவேண்டும், ஆனால் அவர்களுக்காக மட்டும் அவசரப்படக்கூடாது. பல பிள்ளைகள் நேரில் சந்திக்கும் முதல் மரணம் இதுதான். "தூங்கிடுச்சு" என்று சொன்னால் இரவில் தூங்கவே பயப்படும் பிள்ளைகள் உண்டு. இறந்துவிட்டது, திரும்பி வராது என்று நேராகச் சொல்வதே நல்லது. அடுத்த வாரமே புதுக்குட்டி வந்து நின்றால், போன உயிருக்கு ஈடு கடையில் கிடைக்கும் என்ற பாடத்தைப் பிள்ளை கற்றுக்கொள்ளும்.

வேண்டாம் என்று முடிவெடுப்பவர்களை ஏனோ யாரும் விட்டுவைப்பதில்லை. நாய் வளர்த்தால் ஆயுள் கூடும் என்பார்கள். சுவீடனில் 34 லட்சம் பேரின் பதிவுகளைக் கொண்டு 2017இல் வந்த ஆய்வு, தனியாக வாழ்பவர்களில் நாய் வைத்திருந்தோருக்கு மரண அபாயம் 33 விழுக்காடு குறைவாக இருந்ததாகச் சொன்னது உண்மை. ஆனால் நடக்கத் தெம்புள்ளவர்கள்தான் நாய் வாங்குகிறார்கள் என்ற விளக்கத்தையும் அந்த எண் ஒதுக்கிவிடாது. முழங்கால் வலியோடு, நாய்க்குப் பேருந்திலும் ரயிலிலும் இடமில்லாத ஊரில், மருத்துவமனைக்குப் போக ஒவ்வொரு முறையும் செல்லப்பிராணி டாக்சி பிடிக்கவேண்டிய நிலையில், "இத்தோடு போதும்" என்று ஒருவர் சொல்வது கல்மனம் ஆகாது. அவர் கையில் இருக்கும் அனுபவம் வீணாகவும் வேண்டாம். சுங்கை தெங்காவில் இருக்கும் காப்பகங்களுக்கு நாயை நடக்கவைக்க, குளிப்பாட்ட, மனிதக் கைக்குப் பழக்கத் தொண்டூழியர்கள் எப்போதும் தேவை.

இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி தற்காலிக வளர்ப்பு. வீவக விதிக்குள் அடங்கும் நாயை, தத்துக் கிடைக்கும் வரை சில வாரங்கள் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்வது. சாப்பாட்டுக்கும் மருந்துக்கும் அமைப்பிடம் என்ன உதவி கிடைக்கும் என்பதை முதலிலேயே கேட்டுக்கொள்ளவேண்டும். துக்கத்தில் இருக்கும் வீட்டுக்கு இதைவிடப் பொருத்தமான சோதனை வேறில்லை, ஏனென்றால் நாயைத் திருப்பித் தருவது இங்கே தோல்வியல்ல, ஒப்புக்கொண்ட வேலையின் முடிவு. எட்டு வயது, பத்து வயது நாய்களுக்குத்தான் இப்படி வீடு கிடைப்பது அரிது. எழுபது வயதுக்காரருக்கு ஏற்ற ஆயுளும் நிதானமும் அவற்றிடம்தான் இருக்கின்றன. வைத்துக்கொள்வதென்று தீர்மானித்தால் அமைப்பிடம் சொல்லி, உரிமத்தைத் தன் பெயருக்கு மாற்றிக்கொள்ளலாம். கருத்தடை செய்த நாய்க்கு ஆண்டுக்கு 15 வெள்ளி.